செருப்புகளைத் திருப்பி வைத்தவர்

நான் இரண்டு பொய்கள் சொன்னேன். ஒன்றை தல்லாகுளம் பேருந்து நிறுத்தத்தில் தமிழில் சொன்னேன். மற்றதை மறுநாள் காலை மதுரை ரயில் நிலையத்தின் முதல் நடைமேடையில் ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டுமே வாய் தவறி வந்தவை அல்ல. எந்த வார்த்தைக்குப் பிறகு எந்த வார்த்தை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போய்ச் சொன்னவை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் என்னை நல்லவன் என்று எண்ணிவிடக் கூடாது.

அந்தப் பொய்கள் யாரைக் கெடுத்தனவோ அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவரிடம் போய் அனுமதி கேட்கும் முகம் எனக்கில்லை. அந்தக் காலத்தில் அவரை 'வாப்பா, போப்பா' என்றுதான் கூப்பிட்டேன். 'அவர்' என்று எழுதுவது இப்போது வந்த மரியாதை.

அவரை நினைத்தால் முகம் இரண்டாவதாகத்தான் ஞாபகத்துக்கு வருகிறது. முதலில் வருவது அவருடைய முதுகு. எந்தக் கூட்டம், எந்த வீடு, எந்த விசேஷமானாலும் பாதியில் சத்தமில்லாமல் எழுந்து போவார். வாசலில் குந்தி உட்கார்ந்து, தாறுமாறாகக் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்ப்பார். அப்புறம் ஒவ்வொரு ஜோடியையும் குதிகால் பக்கம் பிடித்துத் தூக்கி, முனை தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார். வெளியே வருகிறவர் நின்றபடியே காலை நுழைத்துக்கொண்டு நடந்துவிடலாம். முப்பது ஜோடியை மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவார். கை கழுவிக்கொண்டு வந்து மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்துவிடுவார்.

எழுபதுகளின் கடைசியில் தல்லாகுளத்தில் நாங்கள் சிலர் ஜப்பானுடன் ஒரு நட்புறவு மன்றம் நடத்திவந்தோம். நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தேன், மன்றத்துக்குச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு பள்ளிக்கூடத்து அறையில் ஜப்பானிய மொழி வகுப்பு நடக்கும். முதல் மாதம் நாற்பது பேர் வருவார்கள், மூன்றாவது மாதம் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் அவர் ஒருவர். வாடிப்பட்டிக்கு அருகே ஒரு ஊர். ஊருக்கு வெளியே, பெரியார் வாய்க்காலைத் தாண்டி இருந்த காலனியிலிருந்து சைக்கிளில் வாடிப்பட்டி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருவார். காலனி என்று சொன்னால் தமிழ்நாட்டில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அப்பாவும் அம்மாவும் வயல்வேலை செய்பவர்கள். இவர் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தார்.

அந்த வருடம் இளைஞர் பரிமாற்றத்துக்கு மதுரையிலிருந்து ஒருவரை எடுப்பதாகச் சொன்னார்கள். ஆறு மாதம் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். தேர்வு செய்ய ஜப்பானியர்களே வந்தார்கள். எங்கள் கையில் இருந்திருந்தால் அவர் போயிருக்க மாட்டார். அவர்கள் எல்லோரிடமும் அரை மணி நேரம் பேசினார்கள். அவரிடம் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள்.

அங்கே ஒரு சிறிய ஊரில், பஸ் டிரைவர் ஒருவரின் வீட்டில் தங்கினார். டிரைவர், அவர் மனைவி, ஒரு மகன். மகனுக்கும் இவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே அறை. திரும்பி வந்த வாரத்தில் என் வீட்டு வாசல்படியில் நின்று முதல்நாள் கதையைச் சொன்னார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

"வாசல்லயே செருப்பக் கழட்டிட்டு உள்ள போனேன் சார். திரும்பிப் பாக்குறேன், அந்த வீட்டுக்காரரு கீழ முட்டி போட்டு உக்காந்து என் செருப்ப எடுக்குறாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. எங்கப்பா வயசு சார் அவருக்கு. வெளிய தூக்கி எறியப்போறாருன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"திருப்பி வச்சாரு. போறப்ப போட்டுக்கச் சுளுவா இருக்கணுமாம். வர்ற ஆளு எல்லாருக்கும் அங்க அப்படித்தானாம்." படிக்குக் கீழே கழற்றி வைத்திருந்த தன் செருப்பைப் பார்த்தார். "நம்ம ஊர்ல மேலத் தெருவத் தாண்டுறப்ப எங்கப்பா செருப்பக் கையில எடுத்துக்கிட்டுத்தான் சார் நடப்பாரு. நானும் நடந்திருக்கேன். அங்க ஒருத்தரு என் செருப்பக் கையில எடுத்தாரு."

அதை அவர் மதுரைக்குக் கொண்டுவந்தார். தனக்குக் கிடைத்ததை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்ற ஆசை. அவர் செய்த பிழை அது ஒன்றுதான். மதுரையில் அதே காரியத்துக்கு என்ன பெயர் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் செய்தார்.

மன்றத்தில் ஒரு வக்கீல் இருந்தார்; வாய்த் துடுக்கு அதிகம். முதல் ஞாயிறு வாசலில் அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, அம்புட்டுத் தூரம் பிளேன்ல போயி இதத்தான் கத்துக்கிட்டு வந்தியா?" என்றார்.

"ஆமாண்ணே. இது ஒண்ணத்தான் கஸ்டம்ஸ்காரன் பிடிக்காம விட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் இரண்டு மாதத்துக்குள் மன்றத்து ஆட்கள் செருப்பை ஒழுங்காகக் கழற்றுவதையே விட்டுவிட்டார்கள். நடந்துகொண்டே உதறிவிட்டு உள்ளே வந்தார்கள். ஒருநாள் அவர் வந்த பஸ் தாமதம். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தபடி, "நம்ம செருப்பு செக்ரட்டரி எங்கய்யா இன்னும் காணோம்?" என்று என்னைக் கேட்டார். அவர் அப்போது கதவருகில் வந்து நின்றிருந்தார். நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். நேராக வெளியே போய்க் குந்தி உட்கார்ந்தார்.

அன்று வகுப்பு முடிந்து போகும்போது, "இனிமே அத விட்டுருப்பா, ஒரு மாதிரி பேசுறாங்க" என்றேன்.

"பேசட்டும் சார். போற ஆளு வெயில்ல நின்னு கால்ல தடவித் தேடாமப் போகணும். அம்புட்டுதான் நமக்கு வேணும்."

என் வீட்டிலும் இதேதான் நடந்தது. என் அப்பா அப்போது எங்களோடு இருந்தார். அவர் செருப்பையும் இவர் திருப்பி வைத்தார். அப்பா முகம் மலர்ந்து என்னிடம், "இந்தப் பய நல்ல பயடா. வெளிநாடு போயிட்டு வந்தும் தன் எடம் தெரிஞ்சு நடந்துக்கிறான்" என்றார். 'அப்பா, அது அந்த அர்த்தத்தில் இல்லை' என்று ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். நான் ஹிந்து பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

பரிமாற்றத்தில் ஒரு விதி உண்டு. யார் வீட்டில் தங்கினோமோ, அந்த வீட்டுப் பிள்ளை நம் ஊருக்கு வரும்போது நம் வீட்டில் தங்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து எட்டு பேர் கொண்ட குழு வருவதாகக் கடிதம் வந்தது. அதில் அந்த டிரைவரின் மகன் பெயர் இருந்தது. மூன்று நாள் தங்கல்.

அந்தக் கடிதத்தை அவரிடம் காட்டியபோது, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னைத் தொட்டதில்லை.

நான்கு மாதத்தில் காலனியில் ஒரு அறை எழுந்தது. செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, பின்னால் ஒரு கழிப்பறை. அவரும் அவர் அப்பாவும் இரண்டு மாமன்மாரும் சேர்ந்து கட்டினார்கள். செயலாளர் என்ற முறையில் நான் பார்த்து, சரி என்று எழுதித் தரவேண்டும். போனேன். அறை வாசலில் முழங்கால் உயரத்தில் ஒரு மேடை கட்டியிருந்தார். வருகிறவர் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதற்காம். விருந்தாளியின் உயரத்தை நினைவில் வைத்து நிலைக்கதவை நாலு விரல் உயர்த்தியிருந்தார்.

அவர் அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "சோறு குழைய வடிக்கணுமாம்ல, அப்பத்தான் அந்தப் புள்ள குச்சியில எடுத்துத் திங்குமாம். அதுக்கு எனக்குப் பழக்கிக் குடுக்குறான் இவன். குழைஞ்ச சோத்துக்காக என் மாமியா என்னைய வையாத நாளில்ல. இப்பப் பாருங்க, ஜப்பான்லருந்து அதுக்கு ஆளு வருது!"

அவர் அப்பா தள்ளியே நின்றார். மகன் முதல்முறை அவர் செருப்பைத் திருப்பி வைத்தபோது கட்டிலை விட்டு வெகுநேரம் இறங்கவேயில்லையாம். "அதுல கால விட எனக்குக் கூசிருச்சுங்க" என்றார்.

எனக்குக் குடிக்க ஒரு பாட்டில் கலர் கொடுத்தார்கள். என் எதிரில்தான் மூடியைத் திறந்தார்கள். அந்த வீட்டு டம்ளரில் கொடுத்தால் நான் வாங்க மாட்டேன் என்று யோசித்து, கடையிலிருந்து முன்னதாகவே வாங்கி வைத்திருந்தார்கள். நான் அதைக் குடித்தேன். அறை தகுதியானது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

குழு வருவதற்கு ஒரு வாரம் இருக்கையில் மன்றத்தின் கமிட்டி கூடியது. வக்கீல்தான் ஆரம்பித்தார். "பேப்பர்காரன் போட்டோ எடுப்பான். வெளிநாட்டு விருந்தாளிய எங்க வச்சிருக்கீங்கன்னு கேப்பான். காலனியிலன்னா சொல்லுவோம்? அந்த ஊர்க்காரங்க வேற காரை மறிச்சா என்ன பண்றது?" யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பையன் என் வீட்டில் தங்கட்டும் என்று முடிவானது. அதை முன்மொழிந்தது நான்.

இன்னொரு காரணமும் இருந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த வருடப் பரிமாற்றத்துக்கு என் மகன் விண்ணப்பித்திருந்தான். விருந்தாளி மூன்று நாள் எங்கள் வீட்டில் இருந்தால், அங்கே போய் நல்லபடியாக நாலு வார்த்தை சொல்வான் என்று கணக்குப் போட்டேன்.

இதற்குப் பொய் வேண்டியிருந்தது. குழு வருவதற்கு முந்தின நாள் மாலை அவரைப் பேருந்து நிறுத்தத்துக்கு வரச் சொன்னேன். விருந்தாளிக்கென்று வாங்கிய பாய் ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"மெட்ராஸ்லருந்து போன் பேசுனாங்கப்பா. அந்தப் பையன் கிராமத்துல தங்கலைன்னுட்டான்."

"குழுவோட லீடர் சொன்னாங்களா சார்?"

"இல்ல. அவனேதான்."

"என் பேரச் சொன்னீங்களா? என் வீடுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். நம்ம ஊர் விஷயமெல்லாம் அவங்களுக்கும் யாரோ சொல்லியிருக்காங்க போல."

இந்தக் கடைசி வரியைத்தான் நான் வீட்டிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். இதைச் சொன்னால் அவர் வரவேற்புக்கு வரமாட்டார், மொழிபெயர்க்க வரமாட்டார், கடிதம் எழுதிக் கேட்கவும் மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் பாயை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். "சரி சார், வாரேன்" என்றார். வாடிப்பட்டி பஸ் வந்து நின்றது. அதில் ஏறாமல் ரோட்டோரமாக நடந்து போனார்.

மறுநாள் ரயிலிலிருந்து இறங்கியதும் டிரைவரின் மகன் கூட்டத்தில் கண்களால் தேடினான். அவர் வீட்டில் அம்மை போட்டிருக்கிறது, எங்கள் வழக்கப்படி அந்த வீட்டுக்கு வெளியாட்கள் போகக் கூடாது என்றேன். "தெருவில் நின்று தூரத்திலிருந்து பார்க்கலாமா?" என்று கேட்டான். அதுவும் கூடாது என்றேன். இடுப்பை வளைத்து வணங்கி, என் வீட்டுக்கு வந்தான்.

என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவன் திரும்பி மண்டியிட்டு, அங்கே கிடந்த எங்கள் எல்லோர் செருப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி வைத்தான். கூடத்திலிருந்து பார்த்த என் அப்பா பதறி எழுந்து ஓடிவந்தார். "ஐயையோ, தம்பி! நீங்க போயி இதத் தொடலாமா? டேய், தடுடா!" என்று என்னை அதட்டினார். அந்தப் பையனின் கைகளைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். பிறகு ஒரு வாரம், தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம், "எம்புட்டுப் பணிவு! எப்பேர்ப்பட்ட நாகரிகம்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே வாசல், அதே செருப்புகள். எனக்கு எல்லாம் அப்போதே விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் மூன்று நாள் இருந்தது. வாடிப்பட்டி ஒரு மணி நேரப் பயணம். நான் போகவில்லை. இன்று வருந்துவதை அன்றே வருந்துவதற்கு எனக்குப் போதிய நேரம் இருந்தது.

என் மகன் தேர்வாகவில்லை. அந்த மூன்று நாளில் அவன் விருந்தாளியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அவர் மன்றத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். காலனிக்கு வரும் கடிதங்கள் ஊர் டீக்கடையில் நாலு பேர் கைபட்டுத்தான் வரும் என்பதால், ஜப்பானுக்கு அவர் ஏற்கெனவே என் வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தார். அதனால் அவர் பெயருக்குக் கடிதங்கள் என்னிடம் வந்தன. ஒன்றரை வருடத்தில் நான்கு. நான் பிரிக்கவில்லை, பிரித்தாலும் படிக்கத் தெரியாது. கொடுத்தால் பொய் வெளிப்படும். மன்றத்துக் கோப்பு ஒன்றில் வைத்து பீரோவில் பூட்டினேன். அப்புறம் கடிதம் வருவது நின்றது. நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒத்தக்கடையில் வீடு கட்டிக்கொண்டு போனோம். வீடு மாறும்போது அந்தக் கோப்பு கையில் அகப்பட்டது. அதே மாதம், அங்கிருந்த கூட்டுறவு வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் அவரைப் பார்த்தேன். தலையில் நரை தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்து, "வாங்க சார், நல்லாருக்கீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார். வங்கி வாசலில் வாடிக்கையாளர்களின் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவர் அவற்றைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போய்வந்தார், குனியவில்லை. இரண்டு வாரம் கவனித்தேன். ஒருநாளும் குனியவில்லை.

மூன்றாவது வாரம் மதிய இடைவேளையில், வங்கிக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடிக்கு அவரை அழைத்துப் போய், இரண்டு பொய்களையும் சொன்னேன். கடிதங்களைக் கொடுத்தேன். அவர் என்னைத் திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நின்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தபால் முத்திரைகளைப் பார்த்து வரிசைப்படுத்தினார். முதல் உறையைக் கிழித்தார். பிறகு, நான் கேட்காமலே, ஒரு கூட்டத்தில் மொழிபெயர்ப்பது போல நிறுத்தி நிறுத்தித் தமிழில் வாசித்தார்.

"இது அந்தப் பையன் எழுதுனது. 'அம்மை எறங்கிருச்சா? வீட்ல எல்லாரும் சுகமா? நாங்க திரும்பிப் போறப்ப ரயிலு உன் ஊரு வழியாப் போச்சு. வாடிப்பட்டின்னு போர்டுல படிச்சேன். ரயிலு நிக்கல. கதவுகிட்ட நின்னு உன் வீடு இருக்குற பக்கமா வணக்கம் சொன்னேன்.'"

இரண்டாவது டிரைவர் எழுதியது. பதில் வரவில்லையே என்று கேட்டிருந்தார். மூன்றாவதும் அவரேதான், மருத்துவமனையிலிருந்து. "'நீ இங்க இருந்தப்ப நாங்க ஏதாவது தப்பா நடந்திருந்தா எங்களப் பொறுத்துக்க.'" நான்காவது உறையில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. அதை அவர் முதலில் தனக்குள் படித்தார். பிறகு அதையும் எனக்குச் சொன்னார். "'அப்பா போன மாசம் இறந்துட்டாரு. கடைசி வரைக்கும், இந்தியாவுல இருக்குற பையனுக்கு நம்ம என்ன குறை வச்சோம்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு.'"

"இம்புட்டுதான் சார்" என்று மடித்தார்.

என்னை மன்னித்துவிடு என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"ஒம்பது வருசம் சார். அவங்களும் அப்படித்தான்னு நினைச்சே ஒம்பது வருசம் ஓடிப்போச்சு. அத வச்சுத்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுனேன். எனக்கு ஒரு மக இருக்கா, ஆறு வயசு. யாரு வீட்டுக்கும் போகாத, யாரையும் நம்ம வீட்டுக்குக் கூப்பிடாதன்னு சொல்லித்தான் வளக்குறேன். அவளும் போறதில்ல. இப்ப நான் அவகிட்ட என்னன்னு சொல்ல?"

ஜப்பானுக்கு நானே உண்மையை எழுதுகிறேன் என்றேன்.

"எழுதுங்க. நீங்க சொன்னது, நீங்கதான் எழுதணும்."

பக்கத்துக் கடையில் ஒரு புது உறை வாங்கிவந்து நீட்டினேன். மரத்தடியில் நின்றபடி, உள்ளங்கைமேல் வைத்து, முகவரியை ஜப்பானிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். ஓர் எழுத்திலும் கை தயங்கவில்லை.

அன்றே எழுதினேன். எதையும் குறைக்காமல், என் மகன் விஷயம் உட்பட, ஆங்கிலத்தில் ஆறு பக்கம். மூன்று மாதம் கழித்து அந்த உறை, ஓரங்கள் கசங்கி, ஊதா முத்திரையோடு என்னிடமே திரும்பி வந்தது. முத்திரையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒத்தக்கடையில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான்.

வங்கியில் அன்று வரிசை நீளம். நின்றேன். என் முறை வந்ததும் கம்பிக்கு அடியில் உறையைத் தள்ளினேன். அவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பி முத்திரையைப் பார்த்தார்.

"அந்த வீட்ல இப்ப யாரும் இல்லையாம் சார்."

வேறு முகவரி கண்டுபிடிக்க வழியிருக்கிறதா, அந்தக் குழுவின் லீடருக்கு எழுதிப் பார்க்கலாமா என்று நான் பேசத் தொடங்கினேன். எனக்குப் பின்னால் நின்ற பெண், "ஐயா, எம்புட்டு நேரந்தான் பேசுவீங்க? நாங்கெல்லாம் பஸ்ஸுக்குப் போக வேணாமா?" என்றாள்.

அவர் உறையை என் பக்கம் தள்ளிவிட்டு, என் தோளைத் தாண்டி அவளைப் பார்த்தார்.

"நீங்க வாங்கம்மா. என்ன வேணும்?"

நான் உறையை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.